பாமூன் அரச மணிவேலையும் சிற்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கக் கலை என்றதும் கறுத்த மரத்தில் செதுக்கிய முகமூடிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பாமூன் அரண்மனைப் பொருள்களைப் பார்த்தவர்களுக்கு அப்படி வராது. அங்கே மரம் கண்ணில் படுவதே அரிது. உச்சி முதல் பாதம் வரை நீலமும் சிவப்பும் வெள்ளையுமாகப் பாசிமணி போர்த்தியிருக்கும். இந்தக் கலையைப் பற்றி எழுதவும் பேசவும் தொடங்கிய பிறகு என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பாமூன் மக்கள் யார்? எங்கே வாழ்கிறார்கள்?

மத்திய ஆப்பிரிக்காவில் உள்ள கேமரூன் நாட்டின் மேற்குப் பகுதியில், புல்வெளி மேட்டுநிலத்தில் வாழும் மக்கள். அவர்கள் அரசின் தலைநகரம் ஃபும்பான். நூன் ஆறு பாயும் நாடு. மொழி ஷுபாமும். 1394-இல் இன்ச்சாரே யென் என்ற இளவரசன் டிகார் நாட்டு ரிஃபும் அரண்மனையிலிருந்து பிரிந்து, சிறு கூட்டத்தோடு வந்து இந்த அரசை நிறுவினான் என்பது அவர்கள் மரபாகச் சொல்லும் வரலாறு. அவனோடு வந்த ஏழு துணைவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அரசனைத் தேர்ந்தெடுக்கும் ஆலோசகர்களாக இருக்கிறார்கள். கேமரூன் குடியரசாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஃபும்பானில் அரண்மனை இருக்கிறது, அதில் அரசரும் இருக்கிறார்.

பெயர்களை எப்படிச் சொல்வது? இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கிறதே?

பாமூன், பாமும் இரண்டும் ஒன்றே. முதலாவது பிரெஞ்சுக்காரர்கள் எழுதியது. இரண்டாவது ஆங்கில, ஜெர்மன் நூல்களில் வருவது. மற்றபடி, அந்த ஊர்ப் பெயர்கள் பல மெய்யெழுத்தில் தொடங்குகின்றன. தமிழில் சொல் மெய்யில் தொடங்காது என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டதால், ராமனை இராமனாக்கிய அதே வழியில் முன்னால் ஓர் இகரம் சேர்த்து இன்ஜோயா, இன்சாங்கு, இம்புவெம்புவே என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் அந்த இகரத்தை உச்சரிப்பதில்லை.

மணிவேலை எப்படிச் செய்யப்படுகிறது?

முதலில் மரச் சிற்பம். தனி மரத்துண்டிலிருந்து ஆள், விலங்கு, முக்காலி என்று எதுவாக இருந்தாலும் முழுதாகச் செதுக்கிவிடுவார்கள். இந்தச் சிற்பி நுணுக்கமான விரலையும் சுருக்கத்தையும் செதுக்கி நேரத்தைச் செலவிடுவதில்லை. மேலே மணி வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். தொடை திரண்டு, தோள் அகன்று, வளைவுகள் தெளிவாக இருந்தால் போதும்.

அடுத்தது துணி. ரஃபியா நாரில் நெய்ததோ பருத்தித் துணியோ, சிற்பத்தின் உடம்போடு ஒட்டிப் பிடிக்கும்படி சுற்றித் தைக்கப்படும். தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பது போலத்தான். ஆனால் இந்தச் சட்டையைக் கழற்ற முடியாது. மணிகள் மரத்தில் ஒட்டப்படுவதில்லை, பதிக்கப்படுவதுமில்லை. இந்தத் துணியில்தான் தைக்கப்படுகின்றன. ஒட்டியவை என்று எண்ணியபடிதான் பலரும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

பிறகு மணி. நூலில் சரமாகக் கோத்து, வரிசை வரிசையாகத் துணிமேல் படியவைத்து, இடையிடையே ஊசியால் பிடித்துத் தைத்துக்கொண்டே போவார்கள். சமதளத்தில் இது எளிது. முழங்காலில்தான் சிரமம். அங்கே பரப்பு உருண்டு திரும்புகிறது; மேல்வரிசை நீளம், கீழ்வரிசை குட்டை. முக்கோணங்களும் கட்டங்களும் நெளிகோடுகளும் வளைவில் ஏறி இறங்கும்போது கோணலாகாமல் இருக்க வேண்டும். பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாமூன் அரியணையின் அண்மைப் படத்தை ஒரு முறை பெரிதாக்கி, ஓர் உருவத்தின் தொடை மேலேயே கண்ணை ஓட்டிப் பாருங்கள். அடர்நீலக் குழல் மணிகள் கூரை வேய்ந்தது போல நெருக்கமாகப் படிந்திருக்கும். வளைவு திரும்பும் இடத்தில் வரிசை ஒன்று மெலிந்து, பக்கத்து வரிசைக்குள் சத்தமில்லாமல் கலந்துவிடும். வடிவம் மட்டும் குலைந்திருக்காது. செதுக்கியவரின் கைக்குக் குறையாத கை அங்கே வேலை செய்திருக்கிறது.

மணிகளைப் பார்த்துப் பொருளின் வயதைச் சொல்லலாமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். பழைய அரண்மனைப் பொருள்களில் நீளமான குழல் மணிகள் அதிகம். இருபதாம் நூற்றாண்டில் செய்தவற்றில் கடுகு போன்ற பொடி மணிகள் அதிகம். ஆனால் மணி விலையுயர்ந்தது என்பதால் பழைய பொருளில் இருந்து பிரித்துப் புதியதில் தைப்பதும் நடந்திருக்கிறது. மணி பழையதாக இருந்தால் வேலையும் பழையது என்று முடிவுகட்ட முடியாது.

இவ்வளவு கண்ணாடி மணி அங்கே எப்படி வந்தது?

வெனிசிலிருந்தும் பொஹிமியாவிலிருந்தும் வந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் அட்லாண்டிக் கரைத் துறைமுகங்களில் இறக்கிய மணி, வணிகர் கைமாறிக் கைமாறி மேட்டுநிலம் ஏறியது. வடக்கிலிருந்து ஹவுசா வணிகர்களும் கொண்டுவந்தார்கள். எதிர்ச்சரக்காகக் கீழே இறங்கியவை யானைத்தந்தம், கோலாக்கொட்டை, அடிமைகள். கடைசியாகச் சொன்னதைப் பலர் பூசி மெழுகிவிடுகிறார்கள். இந்த மணிகளின் பளபளப்பில் அந்தக் கணக்கும் இருக்கிறது.

சோழிகள் வந்த வழி இன்னும் சுவையானது. மேற்கு ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் காசாகப் புழங்கிய சோழி மாலத்தீவுக் கடலில் விளைந்தது. வங்காளம் வழியாகவும், டச்சுக்காரர் காலத்தில் இலங்கைத் துறைமுகங்கள் வழியாகவும், ஐரோப்பாவுக்குப் போய் அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்கச் சோழி அதன் இடத்தைப் பிடித்தது. நாம் தாயம் உருட்டும் அதே சோழி, அங்கே பணமாக இருந்து, பணமாக இருந்ததாலேயே அரசனின் ஆசனத்தில் ஏறியது.

மணிவேலை என்பது அலங்காரம்தானே? அதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

இல்லை என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது. பாசிமணி என்றால் நமக்குத் திருவிழாக் கடை. விலை மலிவு, குழந்தைகள் கழுத்துக்கு. பாமூன் நாட்டில் அது கஜானா. பெரிய அளவில் மணி வரத்தும் மணி வேலையும் அரண்மனையின் பிடியில் இருந்தன. அரசன் கொடுத்தால்தான் ஒரு பிரபு மணி தைத்த குல்லாயோ குடுவையோ வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவனே திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். இன்ஜி என்ற பட்டம் பெற்றவர் ஒரு விழாவில் என்ன அணிந்து வருகிறார் என்பதைப் பார்த்தாலே, அந்த ஆண்டு அரண்மனையில் அவர் செல்வாக்கு ஏறியதா இறங்கியதா என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே முழு உருவத்தையும் மணியால் மூடுவது அழகுக்காக மட்டும் செய்த வேலையல்ல. பணத்தை எடுத்து, எண்ணி, வரிசையாகத் தைத்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைப்பது அது.

அரியணை தவிர வேறு என்னென்ன பொருள்களில் மணிவேலை உண்டு?

கள் ஊற்றும் நீண்ட கழுத்துச் சுரைக்குடுவை, அரசன் குடிக்கும் கொம்பு, புகைக்குழாய், ஈச்சாமரை, முக்காலி, குல்லாய், நடனத்தில் ஏந்தும் விலங்குத் தலைகள். குடுவைகளில் ஒரு வகை நம்மைச் சற்றுத் துணுக்குறச் செய்யும். போரில் வென்ற எதிரிகளின் கீழ்த்தாடை எலும்புகளை அடிப்பக்கத்தில் வரிசையாகக் கோத்துக் கட்டியிருப்பார்கள். மேலே வண்ண மணி, கீழே தாடை. வெற்றியைக் கொண்டாடும்போது அதிலிருந்து கள் ஊற்றப்படும்.

இரட்டைத் தலைப் பாம்பு எல்லாவற்றிலும் வருகிறதே, ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இம்புவெம்புவே என்ற அரசனின் அடையாளம் அது. பாமூன் வரலாற்றில் அவன் ஒரு பூதம். ஆள் உயரம், குரல், பசி என்று எல்லாவற்றிலும் மிகை சொல்லப்படும் மன்னன். பக்கத்துக் குறுநில அரசுகளைப் பிடித்து நாட்டைப் பல மடங்கு பெருக்கினான். வடக்கிலிருந்து குதிரைகளில் வந்த ஃபுலானிப் படைகளைத் தடுக்க ஃபும்பானைச் சுற்றி ஆழமான அகழி வெட்டினான். ஒரே நேரத்தில் இரு முனைகளில் போரிட்டு இரண்டிலும் வென்றான் என்பதற்காக, இரு முனையிலும் தலையுள்ள பாம்பு அரச சின்னமானது. வால் இல்லாத பாம்பு. எந்தப் பக்கம் போனாலும் கடிக்கும்.

சிலந்தி? இரட்டை மணி?

சிலந்தி என்றால் வலை பின்னும் வீட்டுச் சிலந்தி அல்ல. மண்ணில் பொந்து வைத்து வாழும் பெரிய சிலந்தி. குறி கேட்பவர்கள் அதன் பொந்து வாயில் குறியிட்ட இலைகளை வைத்து மூடுவார்கள். சிலந்தி வெளியே வரும்போது இலைகள் எப்படி இடம் மாறின என்பதைப் பார்த்து விடை சொல்வார்கள். பூமிக்குள் இருப்பவர்களோடு பேசிவிட்டு வருகிற பிராணி என்பதால் அறிவின் அடையாளம். இரட்டை மணி இரும்பில் செய்த, ஒரே பிடியில் இரு வாய் கொண்ட வாத்தியம். மக்களைக் கூட்டும் அரச ஒலி. பாம்பு, சிலந்தி, மணி மூன்றும் சேர்ந்ததுதான் இன்றைய பாமூன் அரச முத்திரை. சிறுத்தை, யானை, எருமை ஆகியவையும் அரசனுக்கு உரியவை. தவளையும் பல்லியும் கூட அடிக்கடி வரும்.

மண்டு யெனு என்பது என்ன?

பாமூன் அரியணைகளிலேயே புகழ்பெற்றது. பெயரின் பொருள் ஏறத்தாழ 'மணி நிறைந்தது'. இன்சாங்கு என்ற அரசனுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. அவன் மகன்தான் இன்ஜோயா.

உயரம் ஏறத்தாழ 1.75 மீட்டர். அரியணை என்றதும் சாய்மானமுள்ள நாற்காலியைக் கற்பனை செய்துவிடாதீர்கள். நடுவில் வட்ட ஆசனம். அதைத் தாங்குபவை பின்னிப் பிணைந்த இரட்டைத் தலைப் பாம்புகள். ஆசனத்தின் பின்னால் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருவர் நிற்கிறார்கள். ஓர் ஆண், ஒரு பெண். ஆணின் கையில் அரசன் குடிக்கும் கொம்பு, பெண்ணின் கையில் கிண்ணம். இவர்கள் இரட்டையர். பாமூன் நாட்டில் இரட்டையர் பிறந்தால் அவர்கள் அரண்மனைக்கு உரியவர்கள். அரசனுக்குப் பணி செய்வார்கள். முன்னால் கால் வைக்கும் பலகை. அதில் துப்பாக்கி ஏந்திய இரு காவலர். பலகையின் முகப்பில் கை கோத்த சிற்றுருவங்கள் வரிசையாக ஆடுகின்றன.

அரசன் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அவன் கீழே பாம்பு, பாதத்தின் இருபுறமும் துப்பாக்கி. முதுகுக்குப் பின்னால் இரட்டையர் தலைகள் அவன் தலைக்கு மேலே தெரியும். ஆள் இல்லாதபோது இந்த அரியணை பாதிச் சிற்பம்தான். நடுவில் உயிருள்ள ஒருவன் வந்து உட்கார்ந்தால்தான் அமைப்பு முழுமையாகும். அருங்காட்சியகத்தில் அதை வெறுமையாகப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காமல் போவது இதுதான்.

துப்பாக்கியைக் கவனியுங்கள். ஐரோப்பியத் துப்பாக்கி, ஐரோப்பியக் கண்ணாடி, இந்தியப் பெருங்கடல் சோழி. 'தூய்மையான பழங்குடிக் கலை' தேடி வருகிறவர்களுக்கு இந்த ஆசனம் ஏமாற்றம் தரும். உலகத்தின் நான்கு திசைச் சரக்கையும் தன் காலடியில் கொண்டுவந்து வைத்த அரசனின் ஆசனம் இது.

அது எப்படி பெர்லினுக்குப் போனது?

கதை ஒரு தலையில் தொடங்குகிறது. இன்சாங்கு பக்கத்து நாடான இன்சோவோடு நடந்த போரில் 1880-களில் கொல்லப்பட்டான். அவன் தலையை இன்சோ மக்கள் வெற்றிச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். தந்தையின் தலை எதிரி வீட்டில் இருக்கும்வரை மகனின் அரசுரிமையில் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். கேமரூனைக் காலனியாக்கிய ஜெர்மானியர்கள் 1902-இல் ஃபும்பானுக்கு வந்தார்கள். 1906-இல் அவர்கள் இன்சோ மீது படையெடுத்தபோது இன்ஜோயாவின் வீரர்களும் உடன் போனார்கள். தலை மீண்டது.

இதற்கிடையே பெர்லின் அருங்காட்சியகத்தின் கண் அரியணை மேல் விழுந்திருந்தது. விலைக்குக் கேட்டுப் பார்த்தார்கள், இன்ஜோயா கொடுக்கவில்லை. பிறகு, ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு நகல் செய்து கொடுக்கலாமே என்ற யோசனை வந்தது. அதற்கு அரசர் இசைந்தார். நகல் வேலை தொடங்கியது. ஆனால் மணி தைப்பது அவசரத்துக்கு ஆகிற காரியமா? குறித்த நாளுக்குள் முடியவில்லை. ஃபும்பானில் இருந்த பாசல் மிஷன் போதகர் மார்ட்டின் கோரிங், மூலத்தையே கொடுத்துவிடும்படி சொன்னார். 1908 ஜனவரியில் இன்ஜோயா பெரும் பரிவாரத்தோடு புயேயாவில் இருந்த ஜெர்மன் ஆளுநரிடம் அரியணையைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்.

அப்படியானால் அது பரிசா, பறிப்பா?

காகிதத்தில் பரிசு. பெர்லின் பல காலம் சொல்லிவந்ததும் அதுதான். பீரங்கி வைத்திருப்பவன் மூன்று முறை கேட்ட பொருளை நான்காவது முறை கொடுப்பதற்குப் பரிசு என்ற ஒரே சொல் போதாது என்பது என் கருத்து.

ஆனால் இன்ஜோயாவை ஏமாந்த மனிதராக மட்டும் பார்ப்பதும் நியாயமல்ல. 1896 வாக்கில் தன் மொழிக்கெனத் தனி எழுத்தையே உருவாக்கத் தொடங்கியவர் அவர். முதலில் சில நூறு படக்குறிகள். ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தி, 1910 வாக்கில் எண்பது எழுத்துகளுக்குக் கொண்டுவந்தார். அதில் தன் நாட்டின் வரலாற்றையும் வழக்கங்களையும் எழுதுவித்தார். அப்படிப்பட்டவர், ஒரு அரசன் இன்னோர் அரசனுக்குச் செய்யும் மரியாதையாகத்தான் இதைக் கணக்கிட்டிருப்பார். தந்தையின் தலைக்குத் தந்தையின் ஆசனம். கைசர் அவரைச் சமமான அரசனாகக் கருதினாரா என்பது வேறு விஷயம்.

ஃபும்பானில் இப்போது இருப்பது நகல்தானா?

முடியாமல் நின்ற அந்த இரண்டாவது அரியணை பிற்பாடு முடிக்கப்பட்டது. 1908-க்குப் பிறகு எடுத்த படங்களில் இன்ஜோயா அமர்ந்திருப்பது அதில்தான். இன்றும் அது ஃபும்பானில் இருக்கிறது.

நகல் என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அதே அரண்மனை, அதே தொழில்மரபு, அதே மணி, அதே அரசன். அரசன் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன ஆசனம் அரியணை. அமராத ஆசனம் காட்சிப்பொருள். இந்த அளவுகோலை வைத்தால் 1908-க்குப் பின் எது மூலம் என்ற கேள்விக்கு விடை பெர்லினில் இல்லை. மூலம் என்பதைப் பழமையால் அளப்பது அருங்காட்சியகத்தின் பழக்கம். அதற்காக பெர்லினில் இருப்பதைத் திருப்பித் தர வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாதம் செய்பவர்களும் இருக்கிறார்கள். 'அவர்களிடம்தான் ஒன்று இருக்கிறதே' என்பார்கள்.

கேமரூனின் எல்லா மணிச் சிற்பங்களும் பாமூன் நாட்டினவையா?

இல்லை. புல்வெளி மேட்டுநிலம் முழுவதும், பாமிலேக்கே அரசுகள் உட்பட, இந்தக் கலை பரவியிருக்கிறது. இரண்டு சிலைகளை அடிக்கடி பாமூன் என்று தவறாக எழுதுகிறார்கள்.

ஒன்று, கோம் அரசின் அஃபோ-ஆ-கோம். செம்பழுப்பு மணியால் மூடி, முகத்தில் செம்புத் தகடு போர்த்தி, ஓர் ஆசனத்துக்குப் பின்னால் நிற்கும் உருவம். 1966-இல் லாய்கோம் ஊரிலிருந்து களவுபோனது. 1973-இல் நியூயார்க்கில் ஒரு கலை வணிகரிடம் இருப்பது தெரிந்து பெரும் செய்தியானது. அந்த ஆண்டு இறுதியிலேயே கோம் மக்களிடம் திரும்பிவந்தது. மற்றொன்று இங்கொன்சோ, இன்சோ மக்களின் ஆதித்தாய். சோழி போர்த்திய இந்தச் சிலையை ஜெர்மன் படை அதிகாரி ஒருவர் 1900-களின் தொடக்கத்தில் கொண்டுபோனார். திருப்பித் தருவதாகப் பெர்லின் 2022-இல் முடிவெடுத்தது. இங்கொன்சோ பாமூன் அரசை நிறுவிய இன்ச்சாரேயின் உடன்பிறந்தவள் என்கிறது மரபுவழிக் கதை. தலையை வெட்டிக்கொண்ட இரண்டு நாடுகளும் பங்காளிகள்!

முகமூடிகளில் என்ன சிறப்பு?

கன்னம். ஊதி உப்பிய கன்னம், பிதுங்கிய கண், விரிந்த மூக்கு, அகலத் திறந்த வாய். பெரிய முகமூடிகளில் முகத்தின்மேல் செம்புத் தகடு வேய்ந்து, தாடியை மணியால் தொங்கவிட்டு, தலைமேல் சிலந்தியோ பல்லியோ பின்னிய மகுடம் வைத்திருப்பார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இப்படி ஒன்று இருக்கிறது. முகத்தை மூடும் தட்டை முகமூடி அல்ல; தலையில் கவிழ்க்கும் கலம். இதைச் சுமந்துகொண்டு ஆடுவதற்குக் கழுத்துப் பலம் வேண்டும்.

பித்தளை வேலையும் இதில் சேருமா?

சேரும். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் பித்தளையை ஊற்றும் முறை. எருமைத் தலைகளோ மனிதத் தலைகளோ வட்டமாகச் சூழ்ந்த கழுத்து வளையங்கள் உயர்ந்த பிரபுக்களுக்கு அரசன் அளித்தவை. புகைக்குழாய்த் தலைகளைப் பித்தளையிலும் சுட்ட மண்ணிலும் செய்தார்கள். இன்று ஃபும்பான் கைவினைஞர்கள் அதிகம் விற்பதும் பித்தளைதான். மணிவேலைக்கு ஆகும் நேரத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

அரசர் இஸ்லாத்துக்கு மாறிய பிறகு சிற்பங்கள் என்ன ஆயின?

இன்ஜோயா கிறிஸ்தவ போதகர்களோடும் முஸ்லிம் அறிஞர்களோடும் நெருங்கிப் பழகி, சில காலம் இரண்டையும் கலந்து தன் சொந்தச் சமயம் ஒன்றையே வகுத்துப் பார்த்து, கடைசியில் முதல் உலகப் போர்க் காலத்தில் இஸ்லாத்தில் நிலைகொண்டார். அரசருக்கு சுல்தான் என்ற பட்டமும் உண்டு. சிற்பங்கள் எரிக்கப்படவில்லை. வழிபாட்டுக்கும் சடங்குக்கும் உரியவை பல, மெல்ல மெல்ல 'முன்னோர் பொருள்கள்' ஆயின. 1913-இல் பழைய அரண்மனை எரிந்தது. 1917-இல் இன்ஜோயா செங்கல் அரண்மனை கட்டினார். புயேயாவில் பார்த்த ஆளுநர் மாளிகையின் சாயல் அதில் உண்டு. 1920-களில் முன்னோர் பொருள்களை அங்கேயே காட்சிக்கு வைத்தார். அதே காலத்தில், முதல் உலகப் போரில் ஜெர்மானியர் தோற்றபின் வந்த பிரெஞ்சு நிர்வாகத்தின் மொழிபெயர்ப்பாளரும் இன்ஜோயாவின் எதிரணிக்காரருமான மோசே யேயாப் ஊருக்குள் இன்னோர் அருங்காட்சியகம் தொடங்கி, கைவினைஞர் தெருவையும் வளர்த்தார். அரசியலில் எதிரெதிர், பழம்பொருளைக் காப்பதில் மட்டும் போட்டி போட்டு ஒரே வேலையைச் செய்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்ஜோயாவின் அதிகாரத்தைப் படிப்படியாகப் பிடுங்கி, 1931-இல் கேமரூனின் தலைநகரான யவுண்டேவுக்கு நாடு கடத்தினார்கள். 1933-இல் அங்கேயே இறந்தார்.

ஃபும்பானில் 'பழைய' மணிச் சிற்பம் வாங்கலாமா?

பழையது என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள். புகையில் வாட்டி, மண்ணில் புதைத்து, எண்ணெய் பூசி நூறு வயது ஏற்றும் கலையிலும் அந்த ஊர்க்காரர்கள் தேர்ந்தவர்கள். ஐரோப்பிய வியாபாரிகளே பலமுறை ஏமாந்திருக்கிறார்கள். அதை ஒரு குற்றமாக நான் பேச வரவில்லை. பழமைக்குத்தான் பணம் தருவேன் என்று அடம்பிடிக்கும் சந்தைக்கு அவர்கள் கொடுக்கும் பதில் அது. உண்மையிலேயே பழையதாக இருந்தால் அதற்கு அரண்மனை வாசல்வரை ஒரு வழக்கு இருக்கும். கைவினைஞர் தெருவில் புதியதைப் புதியது என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கே பார்க்கலாம்?

ஃபும்பானில் 2024 ஏப்ரலில் திறந்த பாமூன் அரசர்கள் அருங்காட்சியகத்தில். கட்டடமே அரச முத்திரையின் வடிவம்: நிமிர்ந்து நிற்கும் இரட்டைத் தலைப் பாம்பு, அதோடு சிலந்தி, மணி. சற்று மிகைதான், ஆனால் இம்புவெம்புவே பார்த்தால் ரசித்திருப்பான். முடிந்தால் இங்குவோன் விழா நடக்கும் ஆண்டில் போங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். பிரெஞ்சுக்காரர்கள் 1920-களில் தடை செய்தார்கள்; 1990-களில் மீண்டது; 2023-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்த விழாவில் அரசர் அதிகாரத்தை இழந்து, எழுந்து நின்று, தன் ஆட்சியைப் பற்றி மக்கள் தரப்பு சொல்லும் குறைகளைக் கேட்க வேண்டும். கேட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகுதான் மறுபடி அமரலாம்.

வெளியே என்றால் பெர்லின் ஹும்போல்ட் ஃபோரம். மண்டு யெனு அங்கேதான் இருக்கிறது. கேமரூனிலிருந்து போன பொருள்கள் ஜெர்மன் அருங்காட்சியகங்களில் 40,000-க்கு மேல் இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை காட்சிக்கு வராமல் கிடங்கில் இருக்கின்றன.

1908-க்குப் பிறகு மண்டு யெனுவில் பாமூன் அரசர் எவராவது அமர்ந்திருக்கிறாரா?

ஒருவர். இன்ஜோயாவின் கொள்ளுப்பேரன் நபில் இம்போம்போ இன்ஜோயா, தந்தை இறந்த பிறகு 2021-இல் பட்டத்துக்கு வந்தவர். 2023-இல் பெர்லினுக்குப் போனபோது அரியணையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல், இரட்டையருக்கு முன்னால், அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.